மேலது, ப. 112

"ஏம்மா, இந்தப் புத்தகம் மொத்தமே தொண்ணூத்தாறு பக்கம். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நீ எதைப் பார்த்த?"

நெறியாளர் ஐயா கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதனாலேயே கூடுதலாக வலித்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல், 47ஆம் அடிக்குறிப்பு: 'மேலது, ப. 112.' மேலே சொன்ன அதே நூல், 112ஆம் பக்கம் என்று பொருள். எழுதிய அன்று அது சரியாகத்தான் இருந்தது. 46ஆம் குறிப்பில் உ.வே. சாமிநாதையரின் 1894 புறநானூற்றுப் பதிப்பு, அதற்கு அடுத்து இந்த மேலது. பிறகு ஓர் இரவு ஒரு பத்தியை வெட்டி இரண்டு பக்கம் முன்னால் ஒட்டினேன். பத்தியோடு 46 கிளம்பிப் போய்விட்டது, 47 நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு மேலே இப்போது வந்து உட்கார்ந்திருந்தது ஒரு மெல்லிய சொற்பொழிவுத் தொகுப்பு. மேலே யார் இருந்தாரோ அவரைக் காட்டியது மேலது. அதன்மேல் என்ன குற்றம்?

அறைக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். மூன்று இயல்களில் 212 அடிக்குறிப்பு. அதில் 71 'மேலது', 38 'மு.நூல்', அதாவது முன்பே சுட்டிய நூல். எந்த வெட்டி ஒட்டலில் எது இடம் மாறியது என்று எனக்கே தெரியாது. நூல்களை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க நான்கு நாள் ஆயிற்று. ஒன்பது தவறு அகப்பட்டது. என் தலைப்போ சங்க இலக்கியப் பதிப்பு வரலாறு. கலித்தொகையை 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளை எப்படிப் பதிப்பித்தார், 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்த குறுந்தொகைக்கும் 1937இல் சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகைக்கும் பாடத்தில் எங்கெங்கே வேறுபாடு என்று பேசுகிற ஆய்வேட்டில், எந்தப் பதிப்பின் எந்தப் பக்கம் என்பதே தவறாக இருந்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

விடுதியில் பக்கத்து அறையில் கணிதத் துறை ஆய்வு மாணவி ஒருத்தி இருந்தாள். தரையெங்கும் புத்தகங்களைப் பரப்பி நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அக்கா, இதையெல்லாம் நீங்க கையிலயா போடறீங்க?" என்றாள். கையால் போடாமல் காலாலா போடுவார்கள் என்று அன்று அவளிடம் எரிந்து விழுந்தேன். மறுநாள் போய்க் கேட்டேன். அவள் காட்டியதுதான் லாடெக்: உரையோடு கட்டளைகளையும் தட்டிக் கொடுத்தால் எண்களையும் சுட்டுகளையும் தானே போட்டு அச்சுப்படியாக்கித் தரும் நிரல்.

வரலாறு பிடித்தவள் என்பதால் முதலில் அதைத்தான் தேடினேன். டொனால்ட் நூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1977இல் தன் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து, எழுத்துகளின் அவலட்சணம் பொறுக்காமல், தானே டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுத உட்கார்ந்தார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் லாடெக்கைக் கட்டினார். 1985இல் ஓரன் பதாஷ்னிக் நூற்பட்டியலுக்கென்று பிப்டெக் எழுதினார். தன் புத்தகத்தின் அச்சு பிடிக்காமல் அச்சுக்கூடத்தையே கட்டப் போன ஆசிரியர் என்றால், பதிப்பு வரலாறு படிக்கிறவளுக்குப் பிடிக்காமல் போகுமா?

பிடித்தது கதை மட்டும்தான். முதல் நாள் வந்த பிடிஎஃப்பைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. 'அட்டவணை ??-இல் காண்க.' நூல் சுட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் நூலே இல்லை, நான் வைத்த குறிப்புப்பெயர் மட்டும் தடித்த எழுத்தில் நின்றது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து முழுக்க அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். மறுபடியும் கேள்விக்குறிதான். "இன்னொரு வாட்டி கம்பைல் பண்ணுங்கக்கா, அவ்ளோதான்" என்றாள் பக்கத்து அறைக்காரி.

ஏன் இன்னொரு தடவை ஓட்ட வேண்டும் என்று புரிந்த பிறகுதான் பயம் போயிற்று. லாடெக் ஆவணத்தை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போகும். ஐந்தாம் பக்கத்தில் ஓர் அட்டவணையைச் சுட்டினால், எண்பதாம் பக்கத்தில் இருக்கும் அந்த அட்டவணைக்கு அப்போது எண்ணே விழுந்திருக்காது. அதனால் இரண்டு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போகிறது. போகிற வழியில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்து இட்டு நிரப்புகிறது. நூற்பட்டியலுக்கு நடுவே ஒரு படி கூடுதல்: முதல் ஓட்டத்தில் எந்தெந்த நூல்கள் வேண்டும் என்று எழுதி வைக்கும், பைபர் என்ற தனி நிரல் அவற்றை நம் தரவுக் கோப்பிலிருந்து பொறுக்கி வரிசைப்படுத்திக் கொடுக்கும், லாடெக் மறுபடி ஓடி அதை உள்ளே சேர்க்கும். சேர்த்ததில் பக்கங்கள் நகர்ந்திருக்கும் என்பதால் இன்னொரு ஓட்டம். லாடெக், பைபர், லாடெக், லாடெக். தேவையான தடவை இவற்றைத் தானே ஓட்டிவிடும் லேடெக்எம்கே என்ற கருவி இருப்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இதைப் படிப்பவர்கள் முதல் நாளே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் பழைய தெருக்களில் வீட்டு வாசலில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று இருக்கும். வழி கேட்டால் இரண்டையும் சொல்லமாட்டார்கள், பிள்ளையார் கோயிலுக்கு எதிர்வீடு என்பார்கள். லாடெக்கில் அட்டவணைக்கோ இயலுக்கோ பெயர் வைப்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் 'அட்டவணை3', 'கடைசிப்படம்' என்றெல்லாம் பெயர் வைத்தேன். ஒரு மாதத்தில் 'அட்டவணை3' என்பது ஏழாம் அட்டவணை ஆகிவிட்டது, 'கடைசிப்படம்' இரண்டாம் இயலுக்குப் போய்விட்டது. எந்திரத்துக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை, எனக்குத்தான் தலைசுற்றல். உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன்: 'அட்-குறுந்தொகைப்பாடவேறுபாடு', 'படம்-1894முகப்பு'. அது எங்கே இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லக்கூடாது, அது என்ன என்பதைச் சொன்னால் போதும். எந்த இடம், எந்த எண் என்பது எந்திரத்தின் பாடு.

இப்படி நல்ல பிள்ளையாகப் பெயர் வைத்த பிறகும் ஒரு பெரிய சறுக்கல் நடந்தது. நான்காம் இயலில் 'அட்டவணை 4.2-இல் காண்க' என்று அச்சாகியிருந்தது. அந்த அட்டவணையின் தலையிலோ 4.7 என்று இருந்தது. கேள்விக்குறி இல்லை, எச்சரிக்கை இல்லை, எல்லாம் சுபம் என்றது லாடெக். காரணம் தெரிய ஒரு முழு நாள் போயிற்று. அட்டவணைக்குத் தலைப்பும் எண்ணும் கொடுப்பது கேப்ஷன் என்ற கட்டளை. பெயர் வைக்கிற லேபிள் என்ற கட்டளை தனக்கு முன்னால் கடைசியாக விழுந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். நான் ஒழுங்காக இருக்கட்டும் என்று அட்டவணையின் முதல் வரியிலேயே லேபிளைப் போட்டு, அடியில் கேப்ஷனை எழுதியிருந்தேன். அட்டவணை எண் அப்போது பிறக்கவே இல்லை. ஆகவே லேபிள் கைக்கு அகப்பட்ட பகுதி எண்ணை, 4.2ஐ, எடுத்துக்கொண்டது. மொத்தம் பதினோரு இடத்தில் இதே தவறு. அதில் மூன்று இடங்களில் பகுதி எண்ணும் அட்டவணை எண்ணும் தற்செயலாக ஒன்றாக இருந்ததால் சரிபோலவே தெரிந்தன! தலைப்பு முதலில், லேபிள் அதன் பின்னால். நான் இதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

ஒரு பழைய அட்டவணையை நகலெடுத்துப் புதியது செய்யும்போது லேபிளையும் சேர்த்து நகலெடுத்துவிடுவது அடுத்த வழக்கமான தவறு. இதற்கு எச்சரிக்கை வரும், ஆனால் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் பதிவுக் கோப்பில் யார் பார்க்கிறார்கள்? லாடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களைத் தொகுப்பு என்பார்கள்; ஷோகீஸ் என்ற சிறு தொகுப்பைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு லேபிளின் பெயரும் பக்க ஓரத்திலேயே அச்சாகும். திருத்தப்படி முழுவதையும் அதை வைத்துத்தான் படித்தேன். கடைசிப் படிக்கு எடுத்துவிட வேண்டும், மறந்தால் மானம் போகும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் வருவது. இனிச் சொல்வது தமிழில் எழுதுகிறவர்களின் தனிப் பாடு.

கிளெவர்ரெஃப் என்ற தொகுப்பு இருக்கிறது. லேபிளின் பெயரைக் கொடுத்தால் அது அட்டவணையா, படமா, இயலா என்று பார்த்து அந்தச் சொல்லையும் சேர்த்துப் போடும். 'அட்டவணை', 'படம்' என்று தமிழ்ச் சொற்களைக் கொடுத்துவைத்தேன், அழகாக வேலை செய்தது. பிறகு இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துச் சுட்டினேன். 'அட்டவணைகள் 3 மற்றும் 5' என்று வந்தது. யார் தமிழ் இது? நாம் '3, 5 ஆகிய அட்டவணைகள்' என்போம். பெயர் முன்னால், எண் பின்னால் என்ற நினைப்பில் கட்டப்பட்ட கருவி அது. ஒன்றைச் சுட்டும்போது மட்டும் அதைப் பயன்படுத்தி, பல வரும்போது வெறும் எண்களை வாங்கி வாக்கியத்தை நானே எழுதினேன்.

வேற்றுமை உருபு இன்னொரு சிக்கல். 'மூன்றில்', 'ஏழில்', 'பத்தில்' என்று வாசிப்பில் ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு மாதிரி உருபு ஏற்கும். இன்று 3ஆக இருப்பது நாளை 10ஆகலாம். எனவே எண் எதுவானாலும் பொருந்தும்படி '-இல்', '-ஐ', '-ஆம்' என்று கோடிட்டே எழுதினேன். பழகினால் கண்ணை உறுத்தவில்லை. அட்டவணை என்ற சொல்லுக்கும் எண்ணுக்கும் இடையில் சாதாரண இடைவெளி விடாமல் அலைக்குறி போட்டால் வரி முறியும்போது எண் மட்டும் தனியே அடுத்த வரிக்கு ஓடாது.

நூற்பட்டியலுக்கு வருகிறேன். என் நேரத்தில் பாதியைத் தின்றது இதுதான்.

பக்கத்து அறைத் தங்கை தன்னிடமிருந்த பழைய பிப்டெக் மாதிரியைத்தான் முதலில் கொடுத்தாள். முதற்பெயரைச் சுருக்கித் தலையெழுத்தாக்கும் நடை (ஸ்டைல்) அது. 'மயிலை சீனி. வேங்கடசாமி' என்று உள்ளிட்டேன். வெளியே வந்தது வேங்கடசாமி மட்டும், முன்னால் இரண்டு வெற்றுப் பெட்டிகள், பக்கத்தில் புள்ளி. எழுத்துரு கோளாறு என்று இரண்டு நாள் எழுத்துருக்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பிப்டெக் யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பிறவி. அதற்கு ஓர் எழுத்து என்றால் ஒரு பைட். யுடிஎஃப்-8 முறையில் 'ம' என்ற எழுத்துக்கு மூன்று பைட். 'மயிலை'யின் முதலெழுத்தை எடு என்றால் அந்த மூன்றில் முதல் பைட்டை மட்டும் பிய்த்து எடுத்து ஒரு புள்ளியும் வைத்துவிடுகிறது. அந்த ஒற்றைப் பைட் தனியே எந்த எழுத்தும் ஆகாது. எனவே பெட்டி.

அன்றே, நூற்பட்டியலையும் சுட்டுகளையும் கவனிக்கும் பிப்லாடெக் என்ற தொகுப்பு, பைபர் இரண்டின் கூட்டணிக்கு மாறினேன். பைபர் யூனிகோடை முழுக்க அறிந்தது. (அது ஜெர்மன் சொல்லாம், பீபர் என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் விடுதியில் எல்லோருக்கும் பைபர்தான்.) ஆனால் எந்தக் கருவியானாலும் பெயரைச் சுருக்கச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். மயிலை ஊர், சீனி தந்தை, வேங்கடசாமிதான் அவர். 'ம. சீ.' என்று சுருக்கினால் அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாது. தமிழ்ப் பெயரில் எது குடும்பப் பெயர் என்று எந்திரம் ஊகிக்க விடாமல், 'வேங்கடசாமி, மயிலை சீனி.' என்று காற்புள்ளி வைத்து நாமே உடைத்துக் கொடுத்துவிட வேண்டும். முழுப்பெயரையும் பிரிக்காமல் வைக்க வேண்டுமென்றால் இரட்டை அடைப்பு.

அதே காற்புள்ளி என்னை வேறொரு இடத்தில் கவிழ்த்தது. இரண்டு பதிப்பாசிரியர் உள்ள ஒரு தொகுப்புக்கு, தமிழில் எழுதுகிற பழக்கத்தில் இருவர் பெயருக்கும் நடுவே காற்புள்ளி போட்டேன். பைபர் இருவரையும் ஒருவராக்கிவிட்டது: முதலாமவர் குடும்பப் பெயர், இரண்டாமவர் அவருடைய சொந்தப் பெயர்! பட்டியல் முழுக்கத் தமிழிலேயே இருந்தாலும் இருவரைப் பிரிக்க ஆங்கில 'அண்ட்' என்ற சொல்லைத்தான் போட வேண்டும்.

அகரவரிசையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். யூனிகோடு அட்டவணையில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கபிலருக்கு முன்னால் கனகசபை வந்துவிடுவார். புள்ளிக்கும் அந்த அட்டவணையில் உயிர்க்குறிகளுக்குப் பின்னால்தான் இடம். ஆகவே அப்பாத்துரைக்கு முன்னால் அபிராமி. நம் அகராதிகள் எல்லாம் இதற்கு நேர்மாறு. பிப்லாடெக்கில் வரிசைக்குரிய மொழி தமிழ் என்று ஒரு சொல் அமைத்துவிட்டால் பைபர் நம் முறையிலேயே அடுக்குகிறது. இந்த ஒரு சொல்லைத் தேடியது மூன்று நாள்.

அதன் பிறகும் ஔவையார் ஒழுங்காக நிற்கவில்லை. ஒரு ஔவை சரியான இடத்தில், இன்னொரு ஔவை ஒ வரிசையில். திரையில் இரண்டும் ஒன்றேபோல் இருந்தன. ஒன்றை ஔ என்ற ஒற்றை எழுத்தாகவும் மற்றதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகவும் தட்டியிருந்தேன். பழைய தட்டச்சுப் பழக்கம். அதுபோலவே 'இராகவையங்கார்', 'ராகவையங்கார்' என்று இரண்டு விதமாக எழுதியதும். மு. இராகவையங்காரும் இரா. இராகவையங்காரும் வேறு வேறு அறிஞர்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை. எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருந்தால் இருவரையும் முன்னெழுத்தால் பிரித்துக் காட்டும் வசதி பிப்லாடெக்கில் உண்டு. நான் ஆளுக்கொரு கூட்டல் போட்டால் அது என்ன செய்யும்? இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பதிவுகளை அப்படியே இறக்கி ஒட்டினால் இந்தக் குழப்பம் பத்து மடங்காகும். நூலின் முகப்புப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானே தட்டிய பதிவுகள்தான் கடைசிவரை தொல்லை தராமல் இருந்தன.

முகப்புப் பக்கத்திலும் பொறி உண்டு. என் பட்டியலில் ஒரு நூல் எல்லாவற்றுக்கும் கடைசியாக, 2000ஆம் ஆண்டு வெளிவந்ததாக நின்றது. அதை மேற்கோள் காட்டுகிற நூல் 1975இல் வந்தது! முகப்பில் இருந்தது திருவள்ளுவர் ஆண்டு. 31ஐக் கழித்தால் 1969. பழைய பதிப்புகளில் ஜய வருஷம், விய வருஷம் என்று அறுபதாண்டுப் பெயர் மட்டும் இருக்கும். அந்த ஆண்டு சித்திரையில் பிறந்து அடுத்த ஆங்கில ஆண்டின் பங்குனி வரை நீள்வது. மாதம் தெரியாவிட்டால் 1894, 1895 என்று இரண்டையும் சாய்கோட்டால் பிரித்துத் தேதிப் புலத்தில் கொடுத்தால் பிப்லாடெக் அதை ஒரு காலவரம்பாக ஏற்றுக்கொள்கிறது. மறுபதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதற்பதிப்பின் ஆண்டைப் போடுவது எங்கள் துறையின் தேசிய வியாதி. பக்க எண் மறுபதிப்புடையது, ஆண்டு முதற்பதிப்புடையது. தேடிப் போகிறவர் எந்தப் புத்தகத்தை எடுப்பார்? மூல ஆண்டுக்கென்று தனிப் புலம் இருக்கிறது, இரண்டையும் கொடுக்கலாம். அதை அச்சில் காட்ட நடையில் ஒரு வரி நானே சேர்க்க வேண்டியிருந்தது.

இத்தனை திட்டிய பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிப்லாடெக்கின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் வரிசையில் உரையாசிரியருக்கும் ஒரு புலம் இருப்பதைப் பார்த்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். தொல்காப்பியர் ஆசிரியர், இளம்பூரணர் உரையாசிரியர், இன்னார் பதிப்பாசிரியர். அதுவரை இளம்பூரணரைத் தலைப்புக்குள் செருகிக்கொண்டிருந்தேன். குறுக்கப் பெயருக்கும் ஒரு புலம். அதில் 'புறம்.', 'குறுந்.', 'தொல். பொருள்.' என்று கொடுத்துவைத்தால், ஆய்வேட்டின் முன்பகுதியில் நாம் தனியாகத் தட்டி ஒட்டும் குறுக்க விளக்கப் பட்டியலை ஒரே கட்டளையில் அதுவே செய்து தருகிறது. பதிவுகளில் 'முதன்மை', 'துணைமை' என்று ஒரு குறிச்சொல் போட்டுவைத்தால் முதன்மை ஆதாரங்கள் தனியாக, துணைமை ஆதாரங்கள் தனியாக.

சொற்கள் தமிழில் வர வேண்டுமே! என் கணினியிலிருந்த பிப்லாடெக்கில் தமிழுக்கான சொற்கோப்பு இல்லை. ஓர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்: பதிப்பாசிரியருக்கு 'ப.ஆ.', ஒரு பக்கத்துக்கு 'ப.', பல பக்கத்துக்கு 'பக்.', உரைக்கு 'உரை:'. 'மற்றும் பலர்' வேண்டாம் என்று 'முதலானோர்' போட்டேன். இபிடம் என்ற லத்தீன் சொல்லின் இடத்தில் 'மேலது'. ஓப் சிட் என்பதற்கு 'மு.நூல்'. இப்போது நான் எங்கும் மேலது என்று எழுதுவதே இல்லை. ஒவ்வோர் அடிக்குறிப்பிலும் நூலின் குறிப்புப்பெயரையும் பக்கத்தையும் மட்டும் தருகிறேன். முந்தைய குறிப்பு அதே நூல்தானா என்று பார்த்து மேலது போடுவது எந்திரம். முந்தைய குறிப்பில் இரண்டு நூல்கள் இருந்தால் எது மேலது என்ற ஐயம் வரும், அங்கே போடாமல் விட்டுவிடுகிறது. அதே ஆசிரியரின் வேறொரு நூல் நடுவில் வந்திருந்தால் மு.நூல் என்று சொல்லாமல் தலைப்பையே சொல்கிறது. நான் கையால் செய்த காலத்தில் இந்த நுணுக்கமெல்லாம் எனக்குத் தோன்றியதே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் இயலைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியபோது, அடிக்குறிப்பு வேண்டாம், பெயரும் ஆண்டும் அடைப்புக்குள் வேண்டும் என்றார்கள். நடையின் பெயரை மாற்றி ஓட்டினேன், 64 சுட்டுகளும் மாறிவிட்டன. மாறாதது ஒன்று. 'சாமிநாதையரின் கருத்து' என்று எழுத வேண்டிய இடத்தில் பெயரையும் எந்திரமே போட்டால் 'சாமிநாதையர் (1937) இன்' என்று நொண்டுகிறது. 'வையாபுரிப்பிள்ளை' என்றால் நடுவே யகரம் வேறு வேண்டும். உருபு ஏற்கும் இடத்தில் பெயரை நானே எழுதி, ஆண்டை மட்டும் எந்திரத்திடம் கேட்டு வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். தமிழ்ப் புணர்ச்சியை அதற்குக் கற்றுக்கொடுக்க முயன்று இரண்டு இரவு தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மடத்தனம் செய்தேன். பிப்லாடெக்கில் புதிய பதிப்பு வந்திருக்கிறதே என்று அதை மட்டும் புதுப்பித்தேன், பைபரை விட்டுவிட்டேன். இரண்டும் ஜோடி பொருந்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் பைபர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நூற்பட்டியல் மொத்தமும் காணாமல் போனது. லாடெக், பிப்லாடெக், பைபர் எல்லாம் ஒன்றாக வரும் டெக்லைவை முழுதாக நிறுவி ஒரு பகல் கழித்துத்தான் மூச்சு வந்தது. கடைசி இரண்டு மாதம் எதையும் புதுப்பிக்காதீர்கள், உங்கள் குலதெய்வமே வந்து சொன்னாலும். பழைய ஓட்டத்தின் துணைக் கோப்புகள் மிச்சமிருந்து புரியாத பிழை வந்தால், அவற்றை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பதே நல்லது. பதிப்பகப் பெயரில் வரும் அம்பர்சாண்டு (&) குறிக்கு முன்னால் பின்சாய்கோடு வேண்டும் என்பதை மட்டும் ஏழு தடவை மறந்திருக்கிறேன்.

முழுப் படியை ஐயாவிடம் கொண்டு கொடுத்தபோது 348 பக்கம், 611 அடிக்குறிப்பு. நேராக மூன்றாம் இயலுக்குப் போய் மேலது ஒன்றைத் தேடி விரலை வைத்தார். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். சரியாக இருந்தது. இன்னொன்று, அதுவும் சரி. மூன்றாவதில் தலையை ஆட்டினார்.

"பக்கமெல்லாம் சரிம்மா. ஆனா குறுந்தொகை வருஷத்தை 1973ன்னு போட்டிருக்கியே, ஐயர் அதுக்குள்ள முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா காலமாகி."

37ஐ 73 என்று தட்டியிருந்தேன். இரண்டு ஆண்டாக அந்தப் பதிவு அப்படியே இருந்திருக்கிறது, சுட்டிய இடத்திலெல்லாம் தவறை ஒழுங்காக அச்சிட்டபடி. மடிக்கணினியை அங்கேயே திறந்து அந்த ஒரு வரியைத் திருத்தி ஓட்டவிட்டேன். ஐயா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் முதல் மடக்குக் குடிப்பதற்குள் பதினான்கு அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் மாறியிருந்தன.

"எங்க, இந்தப் பக்கம் திருப்பு" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.